உப்பளத்துக்காரன் போன மழைத் தொழுகை

மழை வேண்டாம் என்று கடவுளை வேண்டுகின்ற தொழில்கள் உலகில் மிகச் சிலவே உண்டு. அவற்றுள் ஒன்றில் நான் பிறந்தேன். தூத்துக்குடியில் என் தகப்பனார் உப்பளத் தொழிலாளி. அவருடைய தகப்பனாரும் அவ்வாறே. வானத்தில் கருமை தோன்றினால் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கும் மனம் வராது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்த நான், கடலை கட்டிவந்த தாள்களைப் படித்தே மொழியைக் கற்றுக்கொண்டேன். வானத்தைப் படிப்பதற்கோ எனக்குத் தாள் எதுவும் தேவைப்படவில்லை.

அறுபதுகளில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே நிலாவெளியில் இருந்த தனியார் உப்பளம் ஒன்றுக்கு மேஸ்திரியாக என்னை வரவழைத்தார்கள். புது மணப்பெண்ணாகிய என் மனைவியை அழைத்துக்கொண்டு கடல் கடந்து வந்தேன். மொழி எங்கள் மொழியே. ஆயினும் அது வேறு நாடு. தேநீரில் பால் இல்லாவிட்டால் அதற்குப் 'பிளேன்ரீ' என்று பெயர். நாற்காலியைக் 'கதிரை' என்றார்கள். 'ஓம்' என்ற சொல்லைக் கோயிலில் மட்டுமே கேட்டிருந்த என் மனைவி, மீன்காரரும் அதையே சொல்லித் தலையசைப்பதைக் கண்டு, இவ்வூரார் அனைவரும் பெரும் பக்தர்கள் என்று முதல் வாரம் முழுவதும் எண்ணியிருந்தாள்.

எங்கள் வாடகை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே பின்னிய தென்னோலைக் கிடுகுகளாலான வேலியொன்று இருந்தது. வேலிக்கு அப்பால் இருந்தவர் வயல் செய்யும் முஸ்லிம் பெரியவர். ஊரார் எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். எனக்கும் அவ்வாறே ஆனார். உரத்த குரலும் அதைவிட உரத்த சிரிப்பும் உடையவர். வேலியின் மேலாக அவர் தலை தோன்றினால், அன்றைய செய்தி அனைத்தும் எங்கள் முற்றத்துக்கு வந்து சேரும்.

நான் சொல்லப்போவது மழை பொய்த்த ஆண்டொன்றின் கதை. அவ்வூரில் ஐப்பசி பிறந்தால் மழை வரும். உழவர்கள் அதை நம்பிக் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். உப்பளத்திலோ, அதற்கு முன்பே உப்பையெல்லாம் மேட்டில் குவித்துக் கிடுகால் மூடிவிட்டு, வேலையை நிறுத்திவிடுவோம். இது ஊரறிந்த ஒழுங்கு. அவ்வாண்டு ஐப்பசி பிறந்தது, முடிந்தது, கார்த்திகையும் வந்தது. மழை வரவில்லை. ஒன்றிரண்டு தூறலில் முளைத்திருந்த நெற்பயிர், வயல்களில் மஞ்சள் நிறம் கொண்டு நின்றது. மாறாக, எங்கள் பாத்திகளில் உப்பு, வைகாசி மாதத்தில் விளைவது போல விளைந்தது. நகரில் இருந்த முதலாளி, "வெயில் இருக்கும்வரை வாரு" என்று கட்டளையிட்டார். மேற்கொண்டு கிடுகு வாங்க வேண்டும் என்று நான் கேட்டபோது, "மேகத்தைக் காட்டு, கிடுகு தருகிறேன்" என்றார். ஆகவே, வாரிய உப்பு வரப்பு நெடுகத் திறந்த வானத்தின் கீழ் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அது கரைந்தால் என் வேலையும் கரையும். வேலை போனால் அந்நாட்டில் தங்குவதற்கு எனக்கு வேறு வழியே கிடையாது.

அதனால் ஒவ்வொரு மாலையும் தெருவோரத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்து, வடகிழக்கு வானத்தை நெடுநேரம் ஆராய்வது என் வழக்கமாயிற்று. அவ்வாறு நிற்கும்போது வயலிலிருந்து திரும்புகின்றவர்கள் என்னை மிகுந்த அன்போடு பார்த்துச் செல்வதை நான் கவனித்தேன். காரணம் விளங்கவில்லை. ஒருவர் என் தோளைத் தட்டியும் சென்றார்.

காரணத்தை நானாவே கொண்டுவந்தார். ஒரு நாள் பொழுது சாய்ந்தபின் அவர் எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து அமர்ந்தார்.

"மேஸ்திரியார், உங்களப் பத்தித்தான் ஊரெல்லாம் கதை. வயல் இல்லாத மனிசன், கடலுக்கு அங்கால இருந்து வந்த மனிசன், எங்கட பயிருக்காக அந்திக்கு அந்தி றோட்டில நிண்டு வானத்தப் பாக்கிறார் எண்டு பள்ளியில லெப்பையே சொன்னார்."

பள்ளி என்றது பள்ளிவாசலை. லெப்பை என்றது அங்கே தொழுகை நடத்தும் முதியவரை. உப்பளம் வழக்கம்போல் மூடப்பட்டுவிட்டது என்று நானா நினைத்திருந்தார். அது கடலேரிக்கு அப்பால் இருந்ததாலும், அங்கே வேலை செய்த பெண்கள் சல்லி என்ற பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவர்கள் என்பதாலும், எங்கள் தெருவுக்கு அதன் நிலவரம் எட்டவில்லை.

"நாளைக்கு ஊருக்கு வெளியில வெட்டவெளியில மழைத் தொழுகை வைக்கிறம். நீங்களும் வரோணும்."

"நானா, எனக்குத் தொழத் தெரியாதே. நான் வந்து என்ன செய்ய?"

"ஆட்டையும் மாட்டையும் கூட்டிக்கொண்டு போறம். அதுகளுக்குத் தொழத் தெரியுமா? தாகத்தில நிக்கிற சீவன் எல்லாம் வரலாம். மாடு வரலாம், நீங்க வரப்படாதா?"

பிளேன்ரீயோடு வந்த என் மனைவிக்கு, மனத்தில் தோன்றியதை மூடிவைக்கும் பழக்கம் இல்லை.

"அண்ணே, மாட்டுக்கு மழை வேணும். இவருக்கு மழை வேண்டாமே! வரப்பு பூராவும் உப்பு தெறந்து கெடக்கு. மழை வந்துருமோன்னுதான் இவரு தெனமும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்காரு."

நானா கோப்பையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரனில் தேநீர் சிந்தியது.

"அப்ப இவ்வளவு நாளும் மேகத்த வெரட்டிக்கொண்டா நிண்டீங்க?"

"வெரட்டல நானா. எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தேன்."

"எங்கட பக்கம் வராமப் போன காரணம் இப்பதான் எனக்கு விளங்குது!"

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று நிறுத்தினார். "எவ்வளவு உப்புக் கிடக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன். கரைந்தால் எனக்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். மீதித் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

நட்பு அன்றோடு முடிந்தது என்று நான் மனைவியைக் கடிந்துகொண்டேன். அவள் அசையவில்லை. "இப்ப சொன்னா உண்மை. உப்பு கரைஞ்ச பொறவு சொன்னா, அவங்க சாமியக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள்.

அன்றிரவே நானா திரும்பி வந்தார். லெப்பையும் உடன் வந்தார். மெலிந்த உடலும் மெதுவான பேச்சும் உடையவர் லெப்பை. மழைத் தொழுகைக்கு முன்பாக நோற்கின்ற நோன்பில் ஊரார் இருந்த நாள்கள் அவை. அன்று அந்தியில்தான் இருவரும் நோன்பு துறந்திருந்தார்கள்.

"தம்பி, தொழுகைக்கு முந்தி, ஆருக்காவது அநியாயம் செய்திருந்தா அதத் தீர்த்துப்போட்டு வரச் சொல்லியிரிக்கி. இது செய்த அநியாயமில்ல, செய்யப்போற அநியாயம். பக்கத்து வீட்டுக்காரன்ட சோத்தில தண்ணிய ஊத்திப்போட்டு, எங்கட சோத்துக்குத் தண்ணி தா எண்டு கேக்க எனக்கு ஏலாது."

நான் எழுந்து நின்று, "ஐயா, எனக்காகத் தொழுகையை நிறுத்திவிடாதீர்கள். பயிர் தாங்காது" என்றேன். பதற்றத்தில் என் பேச்சு எழுத்துநடைக்கு மாறிவிட்டது.

"ஆர் நிப்பாட்டினது? ஒரு நாள் தள்ளி வைக்கிறம். நாளைக்கு வந்து உங்கட உப்ப அள்ளி மூடுறம். அதுக்கடுத்த நாள் தொழுறம்."

"நோன்போடு உப்புச் சுமப்பதா?"

நானா குறுக்கிட்டார். "மழை வரும் எண்டு நம்பித்தானே கேக்கப் போறம்? நம்பினா மூடத்தானே வேணும்!"

மறுநாள் காலையில் உப்பளத்துக்கு மாட்டு வண்டிகள் வரிசையாக வந்த காட்சியை என்னால் மறக்க இயலாது. என் தொழிலில் மழைக்கு அஞ்சிய மனிதர்களை எவ்வளவோ கண்டிருக்கிறேன். மழையை இவ்வளவு உறுதியாக எதிர்பார்த்து வந்த கூட்டத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

வயல்காரருக்கு உப்பு வேலை புதிது. நெல்லை அள்ளுவது போல அள்ளினால் உப்பு சரியும். காலில் இருந்த வெடிப்புகளில் உப்புநீர் பட்டதும், ஊரின் பெருமதிப்புக்குரிய மனிதர்கள் கொக்கைப் போல ஒற்றைக் காலில் நின்றார்கள். சல்லிப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய திருவிழா வாய்த்திருக்க முடியாது. அவர்களுள் மூத்தவளான ஓர் அக்காவுக்கு வாய் மிகவும் கூர்மை.

"என்ன நானா, உப்பைத் தூத்திப் பாக்கிறியள்?"

"பதர் இரிக்கிதா எண்டு பாக்கிறன் புள்ள."

"எங்கட மேஸ்திரியின்ர உப்பில பதர் இராது. கல்லும் மண்ணுந்தான் இருக்கும்!"

அந்தப் பழி என் உப்பின் மேல் விழுந்ததைக் கூட நான் அன்று பொருட்படுத்தவில்லை. நோன்பு வைத்தவர்கள் கண்ணெதிரில் தண்ணீர் குடிப்பதற்குத் தயங்கி, சல்லிப் பெண்கள் குடத்தை மேட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்து, ஒருவர் பின் ஒருவராகச் சென்று குடித்து வந்தார்கள். அந்த அக்காவும் அப்படியே செய்தாள். திரும்பி வந்து மீண்டும் கேலியைத் தொடர்ந்தாள்.

நண்பகல் கழிந்தபோது உப்பு முழுவதும் மேட்டுக்கு வந்துவிட்டது. மூடுவதற்குக் கிடுகு போதவில்லை. ஆளுக்கு ஆள் வீட்டிலிருந்து கொண்டுவந்தும் கடைசி அம்பாரத்தின் பாதி திறந்தே இருந்தது. நானா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். எங்கள் இரு வீடுகளுக்கும் இடையிலிருந்த வேலியை அவர் கழற்றத் தொடங்கியபோது நானும் அங்கே இருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் எழுந்தது.

"மனிசா, வேலியக் கழட்டினா நான் கிணத்தடிக்கு எப்பிடிப் போற?"

"நாளைக்கு மழை வந்தா கிணத்தடிக்குப் போகத் தேவையில்ல. முத்தத்திலயே குளி!"

"முத்தத்தில குளிக்கத்தான் வேலி வேணும்!"

நானா கடைசிக் கிடுகையும் கழற்றி வண்டியில் ஏற்றினார். என் மனைவி வீட்டிலிருந்த சேலைகளையெல்லாம் கொண்டுவந்து, வேலிக் கம்புகளின் குறுக்கே கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள். அவளுடைய கல்யாணப் பட்டும் அதில் இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து, "பட்டு வேலிக்குள்ள குளிக்கிற ராசாத்தி நான் ஒருத்திதான்" என்ற குரல் கேட்டது. இரு பெண்களும் நெடுநேரம் சிரித்தார்கள்.

தொழுகை நாளன்று விடிந்து வெயில் ஏறியபின், ஊருக்கு வெளியே இருந்த வெட்டவெளிக்கு எல்லோரும் நடந்தோம். பெருநாளைப் போலப் புத்தாடை எவரும் அணியவில்லை; வேலைக்கு உடுத்தும் பழைய சாரனும் சட்டையுமே அணிந்திருந்தார்கள். கேட்கப் போகிறவன் கேட்கிறவனைப் போலவே போக வேண்டும் என்று நானா வழியில் எனக்கு விளக்கினார். மாடுகளும் ஆடுகளும் உடன் வந்தன. நானும், அவ்வூரில் வயல் செய்த சைவர்கள் சிலரும், பாலை மரமொன்றின் கீழ் ஒதுங்கி அமர்ந்தோம். எங்களையும் மாடுகளையும் பிரித்தது ஒரு சிறு நிழல் மட்டுமே.

வரிசைகள் அமைந்தன. தொழுகை முடிந்ததும் லெப்பை எழுந்து நின்று பேசினார். செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவர் குரல் எப்போதும் போல மெதுவாகவே இருந்தது. ஆனால் வெளியின் கடைசி மாடு வரைக்கும் எட்டியது. பின்பு அவர் எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி, தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து, வலப்புறம் இடப்புறமாகவும் உட்புறம் வெளிப்புறமாகவும் மாறும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். கூட்டம் முழுவதும் அவ்வாறே செய்தது. எங்கள் நிலையை இதுபோல் மாற்றிவிடு என்று சொல்லாமற் சொல்லும் வழக்கம் அது. வெட்டவெளி எங்கும் துணிகள் ஒரே சமயத்தில் புரண்ட அந்தச் சிறு ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

என் அருகே இருந்த சைவ உழவர் தம் தோளிலிருந்த துண்டை எடுத்தார், திருப்பிப் போட்டார். அதைக் கண்டு நானும் திருப்பிப் போட்டேன்.

அவர்கள் புறங்கைகள் வானத்தை நோக்கும்படி கைகளை உயர்த்தினார்கள். லெப்பை இறைஞ்சிக்கொண்டிருந்தபோது, நானாவின் கருப்புக் காளை நீளமாக ஒருமுறை கத்தியது. எவரும் சிரிக்கவில்லை. "அது ஆமீன் சொன்னது" என்று நானா பின்னர் உறுதியாகச் சொன்னார்.

அந்த மரத்தடியில் நான் மழை கேட்டேன். மனப்பூர்வமாகவே கேட்டேன். என் தகப்பனார் இருந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டார்.

மழை வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மாலையில் தெருவோரத்தில் நான் நின்றால், "மேஸ்திரியார், உங்கட ஆள் எங்க வந்துகொண்டிரிக்கார்?" என்று மழையைக் குறித்து வயல்காரர் கேட்டார்கள். "முல்லைத்தீவு தாண்டியிருப்பார்" என்பேன். சிரித்துக்கொண்டு போவார்கள். போகும்போது அவர்கள் நடை தளர்ந்திருந்ததை நான் கண்டேன்.

இதற்கிடையில் எனக்கு ஒரு சங்கடம் முளைத்தது. வெயில் குறையாததால் பாத்திகளில் உப்பு மறுபடியும் விளைந்துவிட்டது. வாருவதற்கு ஏற்ற பதம். வாரினால் அதைத் திறந்த வரப்பில்தான் கொட்ட வேண்டும். ஊரில் கிடுகு என்ற பெயரில் ஒன்றும் மிச்சமில்லை. லெப்பையின் காதுக்கு அது எட்டினால், அவர் தம் இறைஞ்சலை இன்னொரு முறை நிறுத்திவைப்பார் என்று அஞ்சினேன். ஆகவே நான் வாரவில்லை. சல்லிப் பெண்களை வரப்புத் திருத்தும் வேலைக்கு அனுப்பினேன். "மழை அறிகுறி உள்ளது, வாரவில்லை" என்று நகருக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றைய வானம் அலம்பிய பீங்கானைப் போல இருந்தது.

முதலாளியின் பதில், சைக்கிளில் வந்த அவருடைய ஏவலாள் வாய்வழியாக வந்தது. அந்த ஆள் உப்பளத்தில் இருந்த என் குடிலில் அமர்ந்து வியர்வையைத் துடைத்தபோது, கடற்புறத்திலிருந்து காற்று மாறி வீசுவதை உணர்ந்தேன். மழையைக் கொண்டுவரும் வாடை. என் மயிர்க்கால்கள் அதை அறியும். வெளியே போய்ப் பார்க்க எழுந்தேன்.

"இருங்கோ, முதலாளி சொன்னதைச் சொல்லிப்போட்டுப் போறன். திருகோணமலையில ஒரு துண்டு மேகம் இல்லையாம். நாளைக்குக் காலமை நீங்கள் உப்பு வாராட்டில், வேற மேஸ்திரி பாக்கிறாராம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குடிலின் கூரையில் கல் விழுவது போன்ற ஒலி கேட்டது. பிறகு கல் மூட்டையே அவிழ்ந்தது. வடகிழக்கு முழுவதும் கருத்து, கடலும் வானமும் ஒன்றாகி வந்துகொண்டிருந்தன. மழை இரைச்சலில் தம் சொல் எனக்குக் கேட்டிருக்காதோ என்று கவலைப்பட்ட அந்தக் கடமை தவறாத மனிதர், என் காதருகே வந்து, "மேகமே இல்லையாம்! நாளைக்கு வாரட்டாம்!" என்று மறுபடியும் கத்தினார்.

நான் மழையில் ஓடினேன். பாத்திகளில் விளைந்திருந்த உப்பு என் கண்முன்னே கரைந்து, நீர் வெறும் நீராகிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் அது இழவு வீட்டின் காட்சி. அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. மேட்டுக்குப் போனபோது, காற்று கடைசி அம்பாரத்தை மூடிய எங்கள் வேலிக் கிடுகுகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. வயலுக்குப் போகும் பாதையை விட்டு, கடலேரி ஓரமாக ஒருவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். நானா.

"நானா, இங்க ஏன் வந்தீங்க? வயலப் போய்ப் பாருங்க!"

"வயலில எனக்கென்ன வேலை? அங்க மழை தன்ட வேலையச் செய்யிது. இங்கதான் வேலி பறக்கிது!"

ஏறிவிட்டார். ஒரு பக்கத்துக் கிடுகின்மேல் அவர் கவிழ்ந்து படுக்க, மறுபக்கத்தில் நான் படுத்தேன். எங்கள் உடல் எடையில் அம்பாரம் அடங்கியது. முகத்தில் அறைந்த மழையில் அவர் வாயைத் திறந்து சிரித்து, நீரைக் குடித்து, புரையேறி இருமினார்.

"மேஸ்திரியார், நல்ல மழையா?"

"நல்ல மழை நானா."

"உங்கட வாயால இன்னொருக்காச் சொல்லுங்க!"

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. சல்லிப் பெண்கள் கயிறும் கற்களும் கொண்டு மேட்டில் ஏறி வரும்வரைக்கும், அதே சொல்லை நான் உரக்கக் கத்திக்கொண்டே கிடந்தேன்.